இந்த ஏப்ரல் பனியை எந்தக் கணக்குல எழுதறது?

அமெரிக்காவுல நார்த் டகோட்டா மாநிலத்துல நாங்க இருக்கற ஊர் ஃபார்கோ. இங்க ஏப்ரல் மாசம் எப்படி இருக்கும்னு கேட்டா, எந்த வாரம், எந்தக் கிழமைன்னு திருப்பிக் கேட்கணும். இந்த வருஷம் வந்த ஒரு வாரத்தை மட்டும் சொல்றேன். திங்கக்கிழமை 65 டிகிரி, நம்ம கணக்குல 18 செல்சியஸ், தெருவுல பாதிப்பேர் அரை டிராயர்ல நடக்கறாங்க, பக்கத்து வீட்டுல கிரில்லை வெளிய எடுத்து துடைக்கறாங்க. செவ்வாய்க்கிழமை தெக்குக் காத்து ஆரம்பிச்சுது, நிக்க முடியாத காத்து, போன வருஷத்துக் காஞ்ச புல் அப்படியே கெடக்கறதால காட்டுத்தீ எச்சரிக்கை குடுத்தாங்க. புதன் காலைல மழை, மதியம் அது ஐஸ் மணியா மாறிச்சு, ராத்திரி பனி. வியாழக்கிழமை எந்திரிச்சுப் பாத்தா எல்லாம் வெள்ளை, ரோட்டுத்துறை மேப்புல பாதி மாநிலத்துக்கு "பயணம் வேண்டாம்"னு போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை வெயில் அடிச்சு உருக ஆரம்பிச்சுது. சனிக்கிழமை ஊருக்கு வெளிய போனா வயல் முழுக்க தண்ணி, அதுல ஆயிரக்கணக்குல பனி வாத்துங்க இறங்கி நிக்குது. தீ எச்சரிக்கை, பனிப்புயல், வெள்ளம், மூணும் ஒரே வாரத்துக்குள்ள.

அடுத்த வாரம் ஆபீஸ்ல லஞ்ச் டேபிள்ல இதுதான் பேச்சு. எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், என்ன ஒரு கேவலமான வாரம்னு. குழந்தைங்க ஸ்கூல் லீவு, ஃபிளைட் கேன்சல், பனிக்கால டயரைக் கழட்டி மாத்தினவங்க அவசரப்பட்டுட்டோம்னு புலம்பறாங்க. அங்க எங்க டீம்ல வேலை செய்யறவர் ஒருத்தர், மேற்கு நார்த் டகோட்டால மாட்டுப் பண்ணைல பொறந்து வளந்தவர், அதுவரைக்கும் பேசாம சாப்பிட்டுட்டு இருந்தார். அப்புறம் மெதுவா சொன்னார், "நேத்து எங்கப்பாவுக்கு போன் போட்டேன். இதைவிட நல்ல வாரம் கேட்க மாட்டேன்னு சொன்னார்." எல்லாரும் சிரிச்சுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டாங்க. என்னால போக முடியல. ஏன்னா 2022 ஏப்ரல் புயல்ல அந்தக் குடும்பம் என்ன பட்டுச்சுன்னு அவர் வாயாலயே கேட்டிருக்கேன். ஏப்ரல் பனில கன்னுக்குட்டிகளை இழந்த ஒரு மனுஷன், ஏப்ரல் பனி விழுந்த வாரத்தை எப்படி நல்ல வாரம்னு சொல்றார்? இந்தக் கேள்வி பல நாள் மண்டைக்குள்ளயே சுத்திச்சு, அதைத்தான் இங்க எழுதறேன்.

நடுவுல மறைக்க ஒண்ணும் இல்லாத நிலம்

இங்க வானிலை ஏன் இப்படி புரளுதுன்னு புரிஞ்சுக்க மேப் ஒண்ணு போதும். மேற்க ராக்கி மலைத்தொடர் வடக்கு தெக்கா நீண்டு நிக்குது. அதுக்குக் கிழக்க, ஆர்க்டிக்ல இருந்து மெக்சிகோ வளைகுடா வரைக்கும் குறுக்க ஒரு மலை கிடையாது. நம்ம ஊர்ல இமயமலை வடக்குக் குளிரைத் தடுத்து நிறுத்துது, இங்க அந்த மாதிரி குறுக்கச் சுவர் இல்ல. கனடால இருந்து குளிர்க்காத்து இறங்கினா நேரா வந்து வாசல்ல நிக்கும், வளைகுடால இருந்து ஈரக்காத்து ஏறினாலும் அப்படித்தான். ஜனவரில குளிருக்குத்தான் பலம், ஜூலைல சூட்டுக்குத்தான் பலம். ஏப்ரல்ல ரெண்டும் சரி பலத்துல நிக்குது, அதான் பிரச்சனை. வடக்க இன்னும் பனி போத்தின நிலம், தெக்க ஏற்கனவே கோடை வாசம். கொலராடோ பக்கம் மலை அடிவாரத்துல ஒரு தாழ்வழுத்தம் உருவாகி வடகிழக்கா நகர்ந்துச்சுன்னா (இங்க எல்லாரும் அதை கொலராடோ லோன்னு சொல்றாங்க), அது ஒரு கையால வளைகுடா ஈரத்தையும் இன்னொரு கையால கனடா குளிரையும் இழுத்துட்டு வந்து நம்ம தலைமேல சேர்த்து வைக்கும். அது போற பாதை கொஞ்சம் அங்க இங்க நகர்ந்தா போதும், ஒரு ஊருக்கு இடி மழை, இன்னொரு ஊருக்கு முழங்கால் அளவு பனி.

இன்னொண்ணும் இருக்கு. பனி போத்தின நிலம் வெயிலைத் திருப்பி அனுப்பிடும், கறுத்த வெறும் மண் குடிச்சுக்கும். அதனால ஒரே நாள், ஒரே வெயில்ல, பனி உருகின இடத்துலயும் உருகாத இடத்துலயும் சூடு வேற வேற. கார்ல ஒரு மணி நேரம் ஓட்டினா பருவமே மாறின மாதிரி இருக்கும். இந்த மாநிலத்தோட ரெக்கார்டைப் பாத்தா இந்த நிலத்தோட குணம் தெரியும். 1936 பிப்ரவரி 15, பார்ஷல்ங்கற ஊர்ல மைனஸ் 60 ஃபாரன்ஹீட். அதே 1936 ஜூலை 6, ஸ்டீல்ங்கற ஊர்ல 121. செல்சியஸ்ல சொன்னா மைனஸ் 51ல இருந்து 49 வரைக்கும், அஞ்சு மாசத்துக்குள்ள, ஒரே மாநிலத்துக்குள்ள. ரெண்டு ரெக்கார்டையும் இன்னும் எந்த வருஷமும் உடைக்கல.

நாங்க இருக்கற ரெட் ரிவர் பள்ளத்தாக்கு இன்னும் தனி ரகம். பேர்தான் பள்ளத்தாக்கு, பள்ளமும் இல்ல மேடும் இல்ல, பழைய பனியுகத்து அகசி ஏரியோட அடிமண் இது, மைலுக்கு ஒரு அடி கூட சரிவு கிடையாது. அதுல ஆறு வடக்க பாயுது. வசந்தத்துல தெக்க முதல்ல உருகும், தண்ணி வடக்க போகும், வடக்க ஆறு இன்னும் ஐஸா கெடக்கும். தண்ணி போக இடமில்லாம பக்கவாட்டுல பரவும். 1997 ஏப்ரல் ஆரம்பத்துல பெரிய பனிப்புயல் ஒண்ணு அடிச்சு ஓஞ்சுது, அப்புறம் சூடு வந்துச்சு. கிராண்ட் ஃபோர்க்ஸ்ல ஆறு 49 அடி வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, அதுக்கு மேலயும் கொஞ்சம் சேர்த்துத்தான் மண்மூட்டை அடுக்கி ஊரே காத்துட்டு இருந்துச்சு. வந்தது 54 அடிக்கும் மேல. கிட்டத்தட்ட 50,000 பேர் இருந்த ஊர் காலியாச்சு, தண்ணில நின்னுட்டு இருந்த டவுன்டவுன்ல தீப்பிடிச்சு 11 கட்டடம் எரிஞ்சுது. குளிர்காலம் முழுக்க சேர்ந்த பனி உருகி வந்த வெள்ளம் அது. அப்பாடா சூடு வந்துருச்சுன்னு ஜனங்க மூச்சு விட்ட சமயத்துலதான் ஆறு ஏறிச்சு. அதை நேர்ல பாத்த வயசானவங்க இங்க ஏப்ரல்ல திடீர்னு 70 டிகிரி வந்தா சந்தோஷப்பட மாட்டாங்க. ஆத்துப்பக்கம் போய் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வருவாங்க.

2022

2022 ஏப்ரல் புயலைப் பத்தி எங்க டீம்காரர் சொன்னதுக்கு முன்னாடி அதுக்கு முந்தின வருஷத்தைச் சொல்லியாகணும், இல்லன்னா ஒண்ணும் புரியாது. 2021 நார்த் டகோட்டாவுக்கு மோசமான வறட்சி. புல் முளைக்கல. மாடு குடிக்கற குட்டைங்க வத்தி, மிச்சம் இருந்த தண்ணில உப்பு ஏறி ஏறி மாட்டுக்கே விஷமாற அளவுக்குப் போச்சு, தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டு குடிக்க விடுங்கன்னு பல்கலைக்கழகத்து விவசாய விரிவாக்க ஆளுங்க சொல்லிட்டே இருந்தாங்க. தீவனம் வாங்க முடியாம நிறைய பண்ணைக்காரங்க மாட்டை வித்தாங்க. மாட்டை விக்கறதுன்னா இங்க சாதாரண விஷயம் இல்ல. ஒரு குடும்பம் ரெண்டு மூணு தலைமுறையா, இந்தப் பசு நல்ல தாய், இது நிதானமானது, இது குளிரைத் தாங்கும்னு பாத்துப் பாத்து சேர்த்த வம்சம் அது. சந்தைல லாரி ஏறிடுச்சுன்னா திரும்ப வாங்க முடியாது. அவங்க வீட்டுலயும் வித்தாங்க. எவ்வளவுன்னு அவர் சொல்லல, நானும் கேட்கல.

அப்படி ஒரு வருஷம் முடிஞ்சு 2022 வசந்தம். மார்ச் ஏப்ரல் மே, இதுதான் கன்னு ஈனற சீசன். ஏப்ரல் 12ல இருந்து 14 வரைக்கும் மூணு நாள் புயல். மைனாட் பக்கம் கிட்டத்தட்ட மூணு அடி பனி. பிஸ்மார்க்ல இருந்து மேற்க போற இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையை கேட் போட்டு மூடினாங்க. ஃபார்கோல எங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகல, டிவில பாத்துட்டு இருந்தோம். பத்து நாள் கழிச்சு, ஏப்ரல் 22ல இருந்து 24 வரை, வடமேற்குல இன்னொண்ணு. அது ஐஸும் பனியும் காத்தும் சேர்ந்தது, கரண்ட் கம்பத்தை ஆயிரக்கணக்குல சாய்ச்சுது, சில பண்ணைங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல கரண்ட் இல்ல.

கன்னுக்குட்டிக்கு ஜனவரி மைனஸ் 30ஐ விட ஏப்ரல் பனிதான் எமன்னு அவர் சொன்னப்ப முதல்ல எனக்குப் பிடிபடல. அவர் விளக்கினார். ஜனவரிக் குளிர் வறண்ட குளிர், மாட்டு ரோமத்துக்குள்ள காத்து நிக்கும், அதுவே கம்பளி. அந்த மாசத்துல கன்னும் அவ்வளவா பிறக்காது. ஏப்ரல் பனி ஈரம். ரோமம் நனைஞ்சு உடம்போட ஒட்டிடும், மேல அறுபது மைல் காத்து. பிறந்த கன்னு ஏற்கனவே ஈரமாத்தான் வெளிய வருது. தாய் நக்கிக் காய வைக்கணும், அது எந்திரிச்சு நிக்கணும், மடியைத் தேடிப் போய் சீம்பால் குடிக்கணும், இதெல்லாம் முதல் ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள நடக்கணும். புயல்ல தாய் நக்க நக்க மேல பனி விழுந்துட்டே இருக்கு. மாடுங்க காத்துக்கு முதுகைக் காட்டி அது தள்ற பக்கமே நடந்து போகும், வேலி வந்தா அங்க குவிஞ்சு நிக்கும், அந்த இடத்துலதான் பனியும் குவியும். சில இடத்துல பனி வேலி உயரத்துக்கு ஏறி மாடு அது மேலயே நடந்து பக்கத்துப் பண்ணைக்குப் போயிடும்.

அந்த மூணு நாளும் அவரோட அம்மா அப்பா அண்ணன் மூணு பேரும் மாறி மாறித் தூங்கினாங்களாம். அவர் இங்க ஃபார்கோல, ரோடு மூடிட்டாங்க, போக வழி இல்ல, போன்ல மட்டும் கேட்டுட்டு இருந்தார். கண்ணுக்கு முன்னாடி கை தெரியாத வெள்ளைல, கொட்டகைல இருந்து மரவரிசை வரைக்கும் வேலியைப் பிடிச்சுட்டே நடந்து போய் கன்னைத் தூக்கிட்டு வருவாங்க. 1930கள்ல புழுதிப்புயல் அடிச்ச காலத்துல அரசாங்கம் இந்த சமவெளி முழுக்க, நார்த் டகோட்டால இருந்து டெக்சாஸ் வரைக்கும், காத்துத் தடுப்பா 20 கோடிக்கும் மேல மரம் நட்டுச்சு. அவங்க பண்ணைல நிக்கறது அந்தக் காலத்து வரிசைதானாம், தாத்தா சின்னப் பையனா இருந்தப்ப வெச்சது. அந்த மரத்துக்குப் பின்னாடி நின்ன மாடுங்க பொழச்சுது. விறைச்ச கன்னை பிக்கப் டிரக்ல கால் வைக்கற இடத்துல போட்டு ஹீட்டரை முழுசா வெச்சு, அப்புறம் வீட்டு பாத்ரூம்ல வெந்நீர்ல இறக்கி, துண்டால தேய்ச்சு, டியூப்ல சீம்பால் குடுத்து. சமையலறைத் தரை முழுக்க கன்னுக்குட்டி படுத்திருந்துச்சுன்னார். பொழச்சதுல சிலதுக்கு காது நுனியும் வால் நுனியும் குளிர்ல கருகி விழுந்துருச்சு. பொழைக்காததும் நிறைய.

அந்த நோட்டு

லஞ்ச் டேபிள் பேச்சுக்கு சில நாள் கழிச்சு அவர்கிட்ட நேராவே கேட்டேன். வறட்சி போச்சு, குட்டை நிறைஞ்சுது, புல் வந்துச்சு, இன்னொரு பக்கம் இவ்வளவு கன்னு போச்சு, கூட்டிக் கழிச்சுப் பாத்தா 2022 உங்க வீட்டுக்கு நல்லதா கெட்டதான்னு. அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். அவங்க அம்மாவோட பாக்கெட் நோட்டு. இங்க மாட்டுப் பண்ணைல எல்லார் கிட்டயும் இருக்கும், சட்டைப் பையில அடங்கற மாதிரி, கன்னு ஈனற சீசன்ல பசுவோட காது டேக் நம்பர், ஈன்ன தேதி, காளையா கிடாரியா, என்ன ஆச்சு, எல்லாம் பென்சில்ல எழுதி வைப்பாங்க. அவங்க அம்மா அதே நோட்டுல மழை அளவும் எழுதுவாங்களாம், கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து. அந்த ஏப்ரல் பக்கத்துல வரிசையா டேக் நம்பர், பக்கத்துல "செத்துது", "செத்துது", "வீட்டுக்குள்ள, குடிச்சுது", "செத்துது". அதே பக்கத்துல ஓரமா, பனியை உருக்கி அளந்த தண்ணி எவ்வளவுன்னு அங்குலக் கணக்கு, அதுக்குக் கீழ ஒரு கோடு அழுத்தி இழுத்திருக்கு. அந்தப் பக்கம் ஒரு வருஷத்து மழையே மொத்தம் 15, 16 அங்குலம்தான். மூணு அடி பனின்னா சுமாரா மூணு அங்குலத் தண்ணி. வருஷத்துல அஞ்சுல ஒரு பங்கு, மூணு நாள்ல. வறட்சில காஞ்ச நிலத்துல அது என்னன்னு அந்த அழுத்திப் போட்ட கோடு சொல்லுது.

"எங்கம்மா ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதுவாங்க, ஆனா கூட்ட மாட்டாங்க"ன்னார். "நீங்க கேக்கற கணக்கை எங்க வீட்டுல யாரும் போட்டதில்ல."

எனக்கு அங்கதான் ஏதோ இடம் பொருந்திச்சு. அவரோட அப்பா இந்த வருஷத்து வாரத்தை நல்ல வாரம்னு சொன்னது, 2022ஐ மறந்துட்டு சொன்னது இல்ல. மன்னிச்சுட்டுச் சொன்னதும் இல்ல. ஈரம் வேணும், அது வந்துச்சு, நல்லது. கன்னு செத்தா அது ஒரு உயிர், நான் தூக்கிட்டு வந்தது, அது கெட்டது. ஒண்ணை வெச்சு இன்னொண்ணை ஈடு கட்டற பேச்சே கிடையாது. அரசாங்கம் ஈடு குடுக்குது, அது வேற விஷயம். வானிலையால செத்த மாட்டுக்கு சந்தை விலைல 75 சதவீதம் தர்ற திட்டம் இருக்கு, அந்த நோட்டுதான் அதுக்கு ஆதாரமாவும் ஆச்சு. அந்தப் பணம் வேணும், அது இல்லாம பல பண்ணை மூடியிருக்கும். ஆனா அந்தப் பணம் வந்ததால அந்த வரிங்களை அவங்க அம்மா ரப்பர் வெச்சு அழிக்கல.

நான் என் வாழ்க்கைல கத்துக்கிட்ட எல்லாக் கணக்கும் கடைசில ஒரு நம்பர்ல முடியற கணக்கு. எங்க வேலையே அதுதான், நாலு காரணியை எடை போட்டு ஒரு ஸ்கோர் குடுக்கறது. இந்த சமவெளில அந்த மாதிரி ஒரு வாரத்துக்கு ஸ்கோர் போட்டா அது பொய்யாத்தான் இருக்கும்னு இப்ப உறுதியா நினைக்கறேன். அதே 2022 வசந்தத்தையே பாருங்க. மேற்க மாட்டுக்காரருக்கு வறட்சி தீர்ந்துச்சு. கிழக்க எங்க பள்ளத்தாக்குல அதே ஈரம் வயல்ல நின்னு, டிராக்டர் இறக்க முடியாம, கோதுமை விதைப்பு தள்ளித் தள்ளிப் போச்சு, சில நிலம் அந்த வருஷம் விதைக்காமலே போச்சு. ஒரே வசந்தம், ஒரே மாநிலம், நடுவுல காரை ஓட்டினா ஒரு நாள் கூட ஆகாத தூரம்.

கன்னுக்குட்டிக்குன்னு ஒரு அறிக்கை

இதைத் தேடிப் படிக்கறப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது, எனக்கு ரொம்பப் பிடிச்சுது. தேசிய வானிலைச் சேவைல மொன்டானா, டகோட்டா பக்கத்து அலுவலகங்கள் சிலது, புதுசா பிறந்த கால்நடைக்குன்னே ஒரு குளிர் எச்சரிக்கை போடறாங்க. மொன்டானால கிளாஸ்கோங்கற சின்ன ஊர்ல இருக்கற அலுவலகத்துல ஆரம்பிச்சது. வெறும் டிகிரி மட்டும் இல்ல, காத்து, மழை பனி, ஈரப்பதம், வெயில் அடிக்குதா இல்லயா, எல்லாத்தையும் சேர்த்து, இன்னிக்கு ராத்திரி ஈரமா பிறக்கற கன்னுக்கு எவ்வளவு ஆபத்துன்னு மணிக்கணக்குல சொல்றாங்க. யாரோ ஒருத்தர் பண்ணைக்காரங்களோட உக்காந்து பேசி, மனுஷனுக்கு 34 டிகிரி ஃபாரன்ஹீட் (செல்சியஸ்ல 1) மழைன்னா குடை, கன்னுக்கு அது சாவுன்னு புரிஞ்சு இதைச் செஞ்சிருக்காங்க. எங்க ஊர் பல்கலைக்கழகம் நடத்தற விவசாய வானிலை வலையமைப்புல மண்ணோட சூட்டைத் தனியாப் பாக்கலாம், கோதுமை விதைக்கறவன் வானத்தை விட அதைத்தான் முதல்ல பாப்பான். வறட்சி மேப் வாராவாரம் வியாழக்கிழமை வருது.

இதெல்லாம் என் போன்ல இருக்கற வானிலை ஆப்ல இல்ல. அதுல ஒரு சூரியன் படம், ஒரு மேகப் படம், ஒரு நம்பர். நகரத்துல இருக்கறவனுக்கு அது போதும்னு முடிவு பண்ணி செஞ்சது. எனக்கு அது போதல. நான் திங்கற கோதுமையும் குடிக்கற பாலும் இந்த நிலத்துலதான் விளையுது, என் பக்கத்து சீட்ல இருக்கறவரோட அம்மா அப்பா அந்தப் புயலுக்குள்ள வேலியைப் பிடிச்சுட்டு நடந்திருக்காங்க. ஃபார்கோ டிவிங்க சாயங்கால செய்தில வார இறுதி எப்படி இருக்கும்னு சொல்றதுக்கு முன்னாடி மேற்க கன்னுங்களுக்கு இன்னிக்கு ராத்திரி எப்படின்னு அரை நிமிஷம் சொல்லலாம், மண் சூடு என்னன்னு ஒரு வரி போடலாம். ஏப்ரல், மே ரெண்டு மாசத்துக்காவது. ஒரு ஸ்டேஷனுக்கு இதைக் கேட்டு மெயில் அனுப்பியிருக்கேன், பதில் இன்னும் வரல, அடுத்தவங்களுக்கும் அனுப்பப் போறேன். இந்தப் பக்கம் இருக்கறவங்க யாராவது படிச்சா நீங்களும் ஒண்ணு அனுப்புங்க. இந்த வாரம் ஞாயித்துக்கிழமைக்கு மறுபடி ஒரு கொலராடோ லோ வருதுன்னு சொல்றாங்க, பாதை இன்னும் உறுதியாகல, அவரோட அண்ணன் இப்பவே மாடுங்களை மரவரிசைப் பக்கம் ஓட்ட ஆரம்பிச்சுட்டாராம்.